புண்பட்டோனைக் காத்தல்

(வானொலி இலக்கிய உரைத் தொடரில் ஒலிபரப்பான பேச்சின் எழுத்து வடிவம்)



நெடுநல்வாடையை நம்மிற் பலர் பிரிவுத்துயர் பாடும் பாட்டாகவே படித்து முடித்திருக்கிறோம். வாடைக் காற்றிலே நடுங்கும் கோவலர், அரண்மனையின் வேலைப்பாடு, யானைத் தந்தத்தாலான கட்டில், அதில் உறக்கமின்றிக் கிடக்கும் அரசி என்று பாட்டு நீண்டு போகும். பரீட்சை வினாக்களும் பெரும்பாலும் அந்தக் கட்டிலைச் சுற்றியே வரும். கடைசிப் பகுதிக்கு நாங்கள் வந்து சேருகிறபோது மணி அடித்துவிடும். முப்பது ஆண்டுகள் வாழைச்சேனைப் பக்கத்துப் பாடசாலைகளிலே தமிழ் படிப்பித்தவன் என்ற முறையிலே இதைச் சொல்கிறேன்.

அந்தக் கடைசிப் பகுதியிலே என்ன இருக்கிறது? பாசறை. நள்ளிரவு கடந்த நேரம். தூறல் விட்டபாடில்லை. அரசன் உறங்கவில்லை. விளக்குச் சுடர் காற்றிலே சாய்ந்து எரிய, வேப்பந்தழை கட்டிய வேலைப் பிடித்த ஒருவன் முன்னே நடந்து, காயம்பட்டவர்களை இன்னார் இன்னார் என்று காட்டிக்கொண்டு போகிறான். நழுவுகிற மேலாடையை இடக்கையால் அணைத்துக்கொண்டு, மறு கையை ஒரு வீரனின் தோளிலே வைத்தபடி, அரசன் ஒவ்வொருவரையும் முகம் கொடுத்துப் பார்க்கிறான். அந்த வேம்பைப் பிடித்துக்கொண்டுதான், இது பாண்டியனைக் குறிக்கிறது, ஆகவே இந்தப் பாட்டு அகமன்று புறம் என்று உரையாசிரியர்கள் வாதிட்டார்கள். அகமா புறமா என்ற சர்ச்சையிலே நாங்கள் இருநூறு பக்கம் எழுதினோம். புண்பட்டவனைப் பார்க்க நடுச்சாமத்திலே ஒருவன் நடந்து போனான் என்பதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினோமா என்பது எனக்குச் சந்தேகம்.

முல்லைப்பாட்டும் அப்படித்தான். நப்பூதனார் காட்டுகிற அரசனும் பாசறையிலே தூங்காதவன். ஒரு கையைப் படுக்கையிலே ஊன்றி, மறு கையைத் தலைக்குக் கொடுத்து, நேற்றுப் பட்ட யானைகளையும், செஞ்சோற்றுக் கடன் தீர்த்து விழுந்த வீரர்களையும், அம்பு தைத்துத் தீனி தின்னாமல் நிற்கிற குதிரைகளையும் நினைக்கிறான். போர் முடிந்த பிறகும் போர் முடியாமல் இருக்கிற மனத்தை அந்தப் புலவர் அறிந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு நெருக்கமானது புறநானூற்றின் 281ஆம் பாட்டு. அரிசில்கிழார் பாடியது. போரிலே காயப்பட்டு வீட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவன். மனைவி தன் தோழியை அழைக்கிறாள். வீட்டு இறப்பிலே இரவத் தழையும் வேப்பந்தழையும் செருகுவோம், யாழ் வாசிப்போம், மை பூசுவோம், வெண்கடுகு தூவுவோம், குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், வீடு நிறைய நறும்புகை இடுவோம், வா தோழி, இவனைக் காப்போம் என்கிறாள். புண்பட்டவனைப் பேய் வந்து தொடும் என்பது அக்கால நம்பிக்கை. அதைத் தொடவிடாமல் மனைவி காப்பதற்குத் தொல்காப்பியர் ஒரு துறைப் பெயரே கொடுத்திருக்கிறார். தொடாக்காஞ்சி என்பது அந்தப் பெயர்.

இங்கே இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். அவள் தனியே காக்கவில்லை, ஆள் சேர்க்கிறாள். அடுத்தது, அங்கே யாரும் அவனிடம் போர்க்களத்திலே என்ன நடந்தது என்று கேட்கவில்லை. பாட்டும் வாசனையும் மனிதர் நடமாட்டமுமாக வீட்டை நிறைக்கிறார்கள், அவ்வளவுதான்.

பேய் என்று அவர்கள் சொன்னதற்கு இக்காலத்து வைத்தியர்கள் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். முதலாம் உலகப் போரிலே, 1915இல், சார்ள்ஸ் மயர்ஸ் என்ற வைத்தியர் 'ஷெல் ஷொக்' என்று எழுதினார். வியட்நாம் போருக்குப் பிறகு, 1980இல், அமெரிக்க உளமருத்துவர் சங்கம் அதை நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று தன் கைந்நூலிலே சேர்த்தது. நடந்து முடிந்தது கண்முன்னே திரும்ப நடப்பது, கனவிலே வந்து உலுப்புவது, அதை நினைவூட்டும் இடத்தையும் ஆளையும் ஒதுக்கி நடப்பது, சிறு சத்தத்துக்கும் துள்ளி எழுவது ஆகியவை அதன் குறிகள். எங்கள் நாட்டிலே இதைத் தமிழருக்குத் தமிழிலேயே விளங்கவைக்க முயன்றவர்களுள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உளமருத்துவர் தயா சோமசுந்தரம் முக்கியமானவர். போரின் உளப்பாதிப்புப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1998இல் வெளிவந்தது. மனவடு என்ற நல்ல சொல் இன்று எங்கள் கிராமங்கள்வரை வந்து சேர்ந்திருக்கிறது. வடு என்பது ஆறிய பிறகும் இருப்பது. அந்த அளவிலே இது பேயைவிடப் பொருத்தமான சொல்தான்.

வாழைச்சேனைக்கு வருகிறேன்.

2004 மார்ச் 3ஆம் திகதி கிழக்கிலே விடுதலைப் புலிகள் இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஏப்ரல் 9ஆம் திகதி, பெரிய வெள்ளிக்கிழமை, வெருகல் ஆற்றங்கரையிலே அந்த இரண்டு பக்கமும் மோதிக்கொண்டன. நேற்றுவரை ஒரே முகாமிலே ஒரே சட்டியிலே சோறு தின்றவர்கள். சில நாட்களிலேயே கருணா தன் அணியைக் கலைத்து, பிள்ளைகளை வீடுகளுக்குப் போகச் சொல்லிவிட்டார். அப்படி வந்தவர்களிலே பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் மட்டும் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் என்று அக்காலத்து அறிக்கைகள் கூறின. வாகரையிலிருந்தும் கதிரவெளியிலிருந்தும் தாய்மார் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாழைச்சேனைச் சந்தியிலே பஸ் ஏறியதை நாங்கள் பார்த்தோம். சீருடை இல்லை. சிலருக்குச் செருப்பும் இல்லை. கொஞ்சப் பேர் தாயைவிட உயரமாக வளர்ந்திருந்தார்கள்.

அவர்களுக்கு வரவேற்பும் இல்லை, விசாரணையும் இல்லை, புனர்வாழ்வும் இல்லை. அவர்களோடு நின்று செத்தவர்களுக்கு நடுகல்லும் இல்லை. புறநானூற்றுக் காலத்திலே ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக்கூடக் கல் நாட்டினார்கள். வெருகலிலே செத்த பிள்ளைகளுக்கு எந்தக் கல்லிலே எந்தப் பெயரை எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பிலே படித்த ஒரு பையன் அந்த ஏப்ரலிலே திரும்பி வந்தான். பெயர் வேண்டாம். ஊரையும் சொல்லவில்லை. வாவிக் கரை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தகப்பன் இல்லை, தாய் வலை பின்னிப் பிழைத்தவர். ஒரு நாள் சந்தையிலே என்னைக் கண்டு சொன்னார்: "சோறு தின்றான் சேர், குளிக்கிறான், கேட்டதுக்கு மறுமொழி சொல்றான். ராவையில மட்டும் வேறாளாப் போறான்."

ஓட்டமாவடிப் பாலத்திலே இரவு ரயில் ஏறும் சத்தம் கேட்டால் அவன் பாயிலிருந்து எழும்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்வானாம். அந்தத் தாய் செய்தது இதுதான். அவனை உள் அறையிலே படுக்கவிடாமல் விறாந்தையிலே பாய் போட்டார். தூணிலே அரிக்கன் லாம்பைக் கொளுவிவிட்டு, விடியும்வரை பக்கத்திலிருந்து வலை பின்னினார். ஒன்றும் கேட்கவில்லை. வாசலிலே வேப்பிலை செருகியிருந்தார். நான் போனபோது அதைக் கண்டேன். அவருக்கு அரிசில்கிழாரைத் தெரியாது. அரிசில்கிழாருக்கு இவரைத் தெரிந்திருந்தது.

பிறகு அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். மட்டக்களப்புப் பகுதியிலே உருவேறி வாக்குச் சொல்லும் மரபு இன்றும் உண்டு. தொண்ணூறுகளிலே, பிள்ளை காணாமற்போனவர்களும் வதைபட்டு வந்தவர்களும் வாய்திறந்து அழக்கூடிய ஒரே இடம் அந்தக் கோயில் முன்றிலாகத்தான் இருந்தது என்பதை, அக்காலத்தில் இங்கே தங்கி ஆராய்ந்த பற்றீசியா லோறன்ஸ் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1997இல் முடித்த ஆய்வேட்டிலே விரிவாக எழுதியிருக்கிறார். படித்தவர்கள் சிலர் மூடநம்பிக்கை என்று சிரித்தார்கள். சிரித்தவர்கள் அதற்கு மாற்றாக வேறெதையும் திறந்து வைக்கவில்லை.

அன்று தெய்வம் ஆடிய பெண் அந்தத் தாய்க்குச் சொன்ன வாக்கு இது: உன் மகனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நிற்கிறார்கள், அவர்களுக்கும் சோறு வை. தாய் அன்றிரவே மூன்று கோப்பையிலே சோறு போட்டார். பையன் அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்துவிட்டு, இரண்டு பெயரைச் சொன்னானாம். அதிலே ஒருவன் எதிர்ப் பக்கத்திலே நின்றவன்.

அந்தக் காலத்திலே மட்டக்களப்பிலே உளமருத்துவராக இருந்தவர் வைத்தியர் மகேசன் கணேசன். மாவட்டம் முழுவதற்கும் உளநல சேவையைக் கிராமங்கள்வரை கொண்டுபோக வேண்டும் என்று பாடுபட்டவர். சுனாமிக்குப் பிறகு அந்தத் தேவை பல மடங்காகியது. இந்தப் பையனையும் தாய் வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். தூக்கத்துக்குக் கொஞ்சக் காலம் மாத்திரை கொடுத்தார்கள். வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மாதம் ஒருமுறை சைக்கிளிலே வந்து போவார். அம்மனா வைத்தியரா என்று அந்தத் தாய்க்குச் சங்கடம் வரவில்லை. இரண்டுக்கும் போனார். சங்கடப்பட்டவர்கள் வெளியிலே நின்று பார்த்த எங்களைப் போன்றவர்கள்தான்.

இவ்விடத்திலே டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கில வைத்தியரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். 1917இல் எடின்பரோ அருகேயுள்ள கிரெய்க்லொக்கார்ட் வைத்தியசாலையிலே, கவிஞர் சீக்பிரீட் சசூனுக்கும் போரிலே மனம் உடைந்த வேறு அதிகாரிகளுக்கும் சிகிச்சை அளித்தவர். அதற்கு முன்னே நீலகிரியிலே தோடர்களோடு தங்கி அவர்களைப் பற்றிய பெருநூலை 1906இல் வெளியிட்டவரும் இவரேதான். ஒரு மலைச்சாதியின் சடங்குகளைப் பொறுமையாக இருந்து கேட்ட அதே காதுதான் பின்னாளிலே போர்வீரனையும் கேட்டது என்று எனக்குத் தோன்றும். அக்காலத்து வைத்தியர்கள் நோயாளிக்கு, எல்லாவற்றையும் மறந்துவிடு, நல்லதை நினை என்று சொல்லி அனுப்பினார்கள். மறக்க முயன்று முயன்றே அவர்கள் நோயை முற்றவைக்கிறார்கள் என்று ரிவர்ஸ் கண்டார். நண்பனின் சிதைந்த உடலைக் கண்டு உறக்கம் கெட்ட ஓர் அதிகாரியிடம், அவ்வளவு சிதைந்திருந்தால் உன் நண்பன் வலி அறியாமலே போயிருப்பான் அல்லவா என்று எடுத்துக் காட்டினார். அந்த நினைவு போகவில்லை, ஆனால் அதை அண்டி நிற்க அந்த மனிதனால் முடிந்தது. எல்லோருக்கும் இப்படி ஒரு வழி கிடைக்கவில்லை என்பதையும் ரிவர்ஸ் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மறக்கச் சொல்வது எப்படிப் பிழையோ, அப்படியே உடனே உட்கார்த்திவைத்து எல்லாவற்றையும் சொல்லு சொல்லு என்று கிண்டுவதும் பிழை. பெரும் துயரம் நடந்தவுடன் ஒருமுறை கூப்பிட்டுக் கதை கேட்டு அனுப்பும் முறை உலகெங்கும் ஒரு காலத்தில் பரவியிருந்தது. அது நோயைத் தடுக்கவில்லை என்று 2002இல் வெளியான மருத்துவ மீளாய்வு ஒன்று காட்டியது. சுனாமி முடிந்த வாரங்களிலே எங்கள் கரைக்கு எத்தனையோ வாகனங்கள் வந்தன. பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கடலைக் கீறு, செத்தவரைக் கீறு என்றார்கள். மறு மாதம் அந்த வாகனங்களைக் காணவில்லை. சைக்கிளிலே வந்தவர் மட்டும் தொடர்ந்து வந்தார்.

ஜொனதன் ஷே என்ற அமெரிக்க உளமருத்துவரும் எங்களைப் போன்ற இலக்கியக்காரருக்கு வேண்டியவர். பொஸ்டனிலே வியட்நாமிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்குச் சிகிச்சை செய்தவர். ஹோமரின் இலியட்டை அவர்களின் கதையோடு பக்கத்திலே வைத்து 1994இல் ஒரு நூல் எழுதினார். பயம் மட்டுமே மனிதனை உடைப்பதில்லை, தன்னை வழிநடத்தியவன் நியாயத்தை மீறிவிட்டான் என்ற உணர்வும் உடைக்கும் என்பது அவர் கண்டது. வெருகலிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு இந்த இரண்டாவது காயம்தான் ஆழம் என்பது என் எண்ணம். எதிரியைச் சுட்டதற்கு ஊரிலே ஒரு சொல் இருந்தது. தோழனைச் சுட்டதற்குச் சொல் இல்லை.

2009 மே மாதத்துக்குப் பிறகு வடக்கிலே சரணடைந்தவர்களும் பிடிபட்டவர்களுமாக ஏறக்குறைய 12,000 பேர் புனர்வாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எங்களூரிலிருந்து கொழும்புப் பக்கம் ரயிலிலே போனால் வெலிக்கந்தை வரும். அந்தப் பகுதியிலுள்ள சேனபுரவும் கந்தக்காடும் அப்படிப்பட்ட நிலையங்கள். கந்தக்காடு பின்னாளிலே போதைக்கு அடிமையானவர்களுக்குரிய இடமாகியது. தச்சு, மேசன் வேலை, கணினி, சிங்களம் எல்லாம் அங்கே படிப்பித்தார்கள். அவற்றால் பிழைத்தவர்களும் உண்டு. ஆனால் வீடு வந்த பிறகு கதவைத் தட்டியவர்கள் யார்? தமிழிலே விசாரித்தல் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். நலம் விசாரிப்பதும் விசாரிப்புத்தான், குற்றம் விசாரிப்பதும் விசாரிப்புத்தான். முதலாவது பொருளிலே வந்தவர்கள் குறைவு. இரண்டாவது பொருளிலே அடிக்கடி வந்தார்கள். இரவிலே நாய் குரைத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது நோயின் குறியா, அனுபவத்தின் அறிவா என்று எந்த வைத்தியரால் பிரித்துச் சொல்ல முடியும்?

மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் உதயதேவியிலே, குருநாகல் பக்கத்து ஓய்வுபெற்ற கோப்ரல் ஒருவர் எனக்கு எதிரே இருந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கை. மனைவி பிள்ளைகளோடு பாசிக்குடாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். 2007இல் வாகரைச் சண்டையிலே நின்றவர். என் சிங்களம் அரைகுறை, அவருடைய தமிழ் அதிலும் அரைகுறை. புனானை தாண்டியதும் அவருடைய பேச்சு நின்றுவிட்டது. யன்னலைச் சாத்தச் சொன்னார். மனைவிதான் பிறகு எனக்குச் சொன்னார், அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவதென்றால் தள்ளி நின்று விளக்குமாற்றுப் பிடியால் காலைத் தொடுவாராம். ஒருமுறை கிட்டப் போய்க் கழுத்தைப் பிடிபட்டவர். இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். செயற்கைக் காலுக்கு ராகமைக்குப் போய்வருவார்கள். தூக்கத்துக்கு எங்கேயும் போனதில்லை. பைத்தியம் என்று ஊரிலே சொல்லிவிடுவார்களாம்.

அவர்களுக்கு ராகமையிலே ரணவிரு செவண இருக்கிறது, 1999ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த ரணவிரு சேவா அதிகாரசபை இருக்கிறது, ஓய்வூதியம் இருக்கிறது. இருந்தும் வீட்டினுள்ளே அந்த இரவைக் காப்பது ஒரு பெண்ணும் ஒரு விளக்குமாறும்தான். தெற்கிலே படையினரை அனுப்பிய ஒரு கிராமத்துப் பெண்களைப் பற்றி அலெக்ஸ் ஆர்ஜென்ரி-பிலென் என்ற ஆய்வாளர் எழுதிய நூல் 2003இல் வந்தது. கொடியவற்றின் பார்வை பட்டுவிட்டது என்ற பேச்சு அங்கேயும் இருக்கிறது. பேய்க்கு மொழிப் பேதம் இல்லைப் போலும்.

எங்கள் போர் இலக்கியம் இவர்களுக்கு என்ன செய்தது என்று கேட்டால், எனக்கு முழுத் திருப்தி இல்லை. களத்தை எழுதினோம், இடப்பெயர்வை எழுதினோம், சாவை மிக அதிகமாக எழுதினோம். வீடு திரும்பியவனின் இருபது வருடத்து இரவை எழுதியவர்கள் சிலரே. புலிகளின் மகளிர் அரசியற்றுறையில் பொறுப்பாக இருந்த தமிழினி, சிறையும் புனர்வாழ்வும் கடந்து வந்து எழுதிய 'ஒரு கூர்வாளின் நிழலில்' அவர் மறைந்த பின் 2016இல் நூலாயிற்று. அதைத் துரோகமென்றும் துணிச்சலென்றும் வாதிட்டார்களே தவிர, எழுதிய கையின் நோவை வாசித்தவர் குறைவு. அசோக ஹந்தகம 2012இல் எடுத்த 'இனி அவன்' படம், ஊர் திரும்பிய போராளியை ஊர் எப்படிப் பார்த்தது என்பதைச் சொல்லியது. ஒரு சிங்களக் கலைஞர் அதைத் தமிழிலே எடுத்தார் என்பதிலே எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, சிறு வெட்கமும் உண்டு. 2015இல் கான் விழாவிலே பரிசு பெற்ற 'தீபன்' பிரெஞ்சுப் படத்திலே முன்னாள் போராளியாக நடித்தவர் எங்கள் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவரே ஒரு முன்னாள் போராளி. வை. அகமத்தும் எஸ்.எல்.எம். ஹனீபாவும் கதை எழுதிய எங்கள் கல்குடா மண்ணிலிருந்து, வெருகலிலிருந்து வந்தவனின் கதை ஒன்றை நான் இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உளவளத்துணைக்கு எங்கள் நாட்டிலே இன்னொரு சொல்லும் வழங்குகிறது. ஆற்றுப்படுத்தல் என்பது அது. யார் முதலில் வைத்தார்களோ, நல்ல தமிழறிவு உள்ளவராகத்தான் இருக்கவேண்டும். பத்துப்பாட்டிலே ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. பரிசில் பெற்று வருகிற பாணன், வழியிலே வாடி நிற்கிற பாணனைக் கண்டு, நானும் உன்னைப்போலத்தான் இருந்தேன், இந்த வழியாலே போ, இந்த இடத்திலே தண்ணீர் உண்டு, இந்த இடத்திலே பாம்பு உண்டு என்று சொல்வதுதான் ஆற்றுப்படை. சொல்பவன் புலவனல்லன், அதிகாரியல்லன், முன்னே நடந்துபோனவன்.

எங்கள் வாவியிலே அப்படி ஒன்று தானாகவே நடந்தது. நான் சொன்ன அந்தப் பையனுக்கும், அதே ஏப்ரலிலே வந்த வேறு இருவருக்கும் இரவிலே தூக்கம் இல்லை. தூக்கம் இல்லாதவனுக்குப் பொருத்தமான தொழில் இராத் தோணிதானே. மூவரும் ஒரு தோணியிலே போனார்கள். இறாலும் திரளியும் பிடித்து விடியற்காலை வந்து, பகலிலே தூங்கினார்கள். தோணியிலே என்ன பேசினார்கள் என்று தாய்மாருக்குத் தெரியாது. பேசினார்களோ என்னவோ. அதையும் நீடிக்கவிடவில்லை. 2006இல் இரண்டு பக்கமும் மறுபடி ஆள் பிடிக்கத் தொடங்கியபோது தாய் தாலிக்கொடியை விற்று அவனைக் கட்டாருக்கு அனுப்பினார். எட்டு வருடம் கழித்து வந்தான். இன்று அவனுக்கு நாற்பது வயதை நெருங்குகிறது. மணமாகிவிட்டது, பங்குக்கு ஒரு இயந்திரப் படகு இருக்கிறது. புத்தாண்டு வெடிக்கு மட்டும் வாவியின் நடுவிலே போய் இருந்துவிடுவான். பழைய கூட்டாளிகள் இருவரிலே ஒருவன் குடித்துச் செத்துப்போனான். மற்றவன் கூடப் போவான்.

இவர்களுக்குப் பெரிதாக எதுவும் வேண்டியதில்லை. மாதம் மாறி மாறி வராமல் ஒரே ஆளாக வருகிற ஓர் உத்தியோகத்தர் வேண்டும். அவர் எழுதுகிற குறிப்பு பொலிசுக்குப் போகாது என்ற உறுதி வேண்டும். முன்னே நடந்துவந்தவர்களிலே விருப்பமுள்ள நாலு பேருக்குப் பயிற்சியும் சிறு கொடுப்பனவும் கொடுத்தால் அவர்களே மற்றவர்களைத் தேடிப் போவார்கள். மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். காவல் நிற்பவளும் தூங்கவேண்டுமே.

அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கள் பாடசாலைகளிலே படிக்கிறார்கள். தமிழ்ப் பாட ஆசிரியர்கள் 281ஆம் பாட்டை நடத்துகிற அன்று பதவுரையோடு நிறுத்திவிடாதீர்கள். தகப்பன் ராவிலே ஏன் கத்துகிறார் என்று தெரியாமல் வந்து இருக்கிற பிள்ளை ஒன்று வகுப்பிலே இருக்கலாம். அந்த வேப்பந்தழை எதற்காக என்று அதற்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.